வடம் பிடித்து ஏறும் ஊர்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "நீ கலிபோர்னியாவுக்குப் போய் வந்தாயே, அந்த அனுபவத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசு" என்றார். சிலிக்கான் வேலி, கம்ப்யூட்டர், செயற்கை நுண்ணறிவு என்று ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். மன்னிக்க வேண்டும். நான் சொல்லப்போவது 1873ஆம் ஆண்டு டெக்னாலஜியைப் பற்றி. அந்த டெக்னாலஜி இன்றைக்கும் ஓடுகிறது. டிக்கெட் வாங்கினால் நீங்களும் நானும் ஏறலாம்.

2023ஆம் ஆண்டு கோடையில் கம்பெனி வேலையாக மூன்று மாதம் சான் ஹோசேயில் இருந்தேன். என் வேலை என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலைகளில் தலைக்கு மேலே ஓடும் கிரேன்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றின் பராமரிப்பு. கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோது "மெயின்டனன்ஸா?" என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அதனால்தானோ என்னவோ, சான் பிரான்சிஸ்கோவுக்கு ஊர் சுற்றப் போனபோதும் என் கண் கட்டடங்களில் நிற்கவில்லை, கயிற்றிலேயே நின்றுவிட்டது.

அந்த ஊர் எப்படிப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று பக்கம் தண்ணீர், நடுவில் குன்றுகள். நம்மாட்களாக இருந்தால் குன்றைச் சுற்றி வளைத்து வளைத்துப் பாதை போட்டிருப்போம். அவர்கள் வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டமாகத் தெருப் போட்டுவிட்டார்கள். குன்று குறுக்கே வந்தால் தெரு அதன்மேல் நேராக ஏறும், அந்தப் பக்கம் நேராக இறங்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயில் பல்சக்கரத்தைக் கடித்துக்கொண்டு ஏறுகிறதே, அதன் மிகச் செங்குத்தான இடத்தில்கூட ஏறத்தாழ பன்னிரண்டு அடிக்கு ஓர் அடிதான் ஏற்றம். சான் பிரான்சிஸ்கோவில் ஹைட் தெருவில் ஓரிடத்தில் 21 சதவீதம், அதாவது ஐந்தடிக்கு ஓர் அடிக்கும் மேல். அதில் பல்சக்கரம் இல்லாமல் வண்டி ஓடுகிறது.

அந்தக் காலத்தில் இந்த மேடுகளில் குதிரைகள்தான் வண்டி இழுத்தன. 1869இல் மழை பெய்த ஒரு நாள், ஏற்றத்தில் குதிரைகள் கால் வழுக்கி விழ, பின்னால் இருந்த பாரவண்டி அவற்றைக் கீழே இழுத்துக்கொண்டு போனதை ஆண்ட்ரூ ஸ்மித் ஹாலிடி என்பவர் பார்த்ததாகச் சொல்வார்கள். ஹாலிடி லண்டனில் பிறந்தவர். தங்கச் சுரங்கங்களுக்கு இரும்பு வடம் செய்துகொடுப்பது அவர் தொழில். வடத்தால் சுரங்கத்தில் பாரம் இழுக்கலாம் என்றால் தெருவில் வண்டி இழுக்க முடியாதா என்று யோசித்தார். வில்லியம் எப்பல்ஷைமர் என்ற இன்ஜினியர் வரைபடம் போட்டுக்கொடுத்தார். 1873 ஆகஸ்ட் 2ஆம் தேதி விடியற்காலை கிளே தெருவில் முதல் ஓட்டம். ஓட்ட வேண்டிய ஆள் மேலிருந்து சரிவைப் பார்த்துவிட்டு, "நான் மாட்டேன்" என்று ஒதுங்கிவிட்டதாகவும், ஹாலிடியே லீவரைப் பிடித்து இறக்கியதாகவும் ஒரு கதை உண்டு. எவ்வளவு தூரம் உண்மையோ தெரியாது. ஆனால் சொந்தமாக டிசைன் செய்தவன் முதலில் தானே ஏறிப் பார்க்க வேண்டும் என்பது நல்ல பாடம்தானே?

இனி என் ஊர்சுற்றலுக்கு வருகிறேன். ஜூலை மாதத்து ஒரு சனிக்கிழமை. தம்பிகளே, அங்கே போகும் யோகம் உங்களுக்கு வாய்த்தால் ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலையில்தான் கடலிலிருந்து மூடுபனி வந்து குன்னூர் மாதிரி நடுங்க வைக்கும். நான் கோடைகாலம்தானே என்று அரைக்கைச் சட்டையோடு போய், பிளாட்பாரக் கடையில் ஊர்ப் பெயர் போட்ட ஒரு மட்டமான ஸ்வெட்டரை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். அங்கே பாதிப் பேர் அதே ஸ்வெட்டரில்தான் நின்றார்கள்.

பவல் தெருவும் மார்க்கெட் தெருவும் சேருமிடத்தில்தான் புறப்பாடு. அங்கே தரையில் வட்டமாக ஒரு திருப்புமேடை இருக்கிறது. பவல் தடத்து வண்டிகளுக்கு ஒரு பக்கம்தான் முகம், திரும்பித்தான் ஆக வேண்டும். வண்டி வந்து மேடையில் ஏறியதும் கிரிப்மேனும் கண்டக்டரும் இறங்கித் தோள் கொடுத்துத் தள்ளுகிறார்கள், வண்டி மேடையோடு சுழல்கிறது. மோட்டார் கிடையாது. நம் ஊரில் நின்றுபோன பஸ்ஸைத் தள்ளுவோமே, அந்த ஞாபகம்தான் எனக்கு வந்தது. ஒரு தடவைக்கான டிக்கெட் சாதாரண பஸ் கட்டணத்தைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஒரு நாள் பாஸ் வாங்கிவிட்டால் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம்.

ஒரு மணி நேரம் வரிசையில் நின்று ஏறினேன். உட்கார இடமில்லை. வெளிப்படிக்கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். நாம்தான் படிக்கட்டுப் பயணத்தில் பட்டதாரிகளாயிற்றே! இங்கே கண்டக்டர் திட்டுவார், அங்கே அதற்கும் டிக்கெட்.

வண்டியின் நடுவில் ஆளுயர லீவர்களோடு நிற்பவர்தான் கிரிப்மேன். எனக்குப் பக்கத்தில் அவர். நான் லீவரையே வெறித்துப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "என்ன சார், வாங்கப் போகிறீர்களா?" என்று சிரித்தார். நான் கிரேன் பராமரிப்பவன் என்று சொன்னதும் மனிதர் உற்சாகமாகிவிட்டார். வண்டி நின்ற இடத்திலெல்லாம் விளக்கம்தான்.

விஷயம் இதுதான். நம்ம பழனி வின்ச் எல்லோருக்கும் தெரியும். அதில் வண்டி வடத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. வடம் ஓடினால் வண்டி ஓடும், வடம் நின்றால் வண்டி நிற்கும். இங்கே அப்படியில்லை. தண்டவாளம் இரண்டுக்கும் நடுவில் ஒரு நீளப் பிளவு. அதன் கீழே, தெருவுக்கு அடியில், வடம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. மணிக்கு 9.5 மைல், நம் கணக்கில் சுமார் 15 கிலோமீட்டர். வண்டியிலிருந்து அந்தப் பிளவு வழியாக ஒரு குறடு இறங்குகிறது. கிரிப்மேன் லீவரை இழுத்தால் குறடு வடத்தைக் கவ்வும், வண்டி நகரும். விட்டால் வடம் பாட்டுக்கு ஓடும், வண்டி பிரேக்கில் நிற்கும். இறக்கத்திலும் வடத்தைக் கவ்வித்தான் இறங்குகிறார்கள். அப்போது வடம் வண்டியை இழுப்பதில்லை, ஓடிவிடாமல் பிடித்துக்கொள்கிறது. இறங்கும் வண்டியின் பாரம் ஏறும் வண்டிக்கு உதவியாகவும் போகிறது. அந்தக் காலத்து ஆட்களின் மூளையை என்னவென்று சொல்வது!

வடத்தை ஒரேயடியாக இறுக்கிவிட்டால் வண்டி குதிரை மாதிரி துள்ளும். அரைகுறையாகப் பிடித்தால் குறட்டின் பல் தேயும். கைக்குத்தான் அந்த அளவு தெரிய வேண்டும். பயிற்சிக்கு வருகிறவர்கள் எல்லோரும் தேறிவிடுவதில்லை. இது ஆண்பிள்ளைகளின் முரட்டு வேலை என்றுதான் நூறு வருஷத்துக்கு மேல் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1998இல் ஃபேனி மே பார்ன்ஸ் என்ற பெண்மணி, தமது 52ஆம் வயதில், அந்தப் பயிற்சியில் தேறி முதல் பெண் கிரிப் ஆபரேட்டர் ஆனார். மெக்கானிக்கல் பிராஞ்சில் இப்போது படிக்கும் தங்கைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பவல் தெரு ஏறி கலிபோர்னியா தெருவைக் கடக்கும் இடத்தில் ஒரு வேடிக்கை. அங்கே இரண்டு தடங்கள் குறுக்கே போகின்றன. கலிபோர்னியா தடத்தின் வடம் மேலே, பவல் வடம் கீழே. கவ்வியபடியே போனால் நம் குறடு அடுத்தவன் வடத்தில் போய் மோதும். அதனால் சந்திப்புக்கு முன்னால் வடத்தை விட்டுவிட்டு, வந்த வேகத்திலேயே உருண்டு தாண்டி, அந்தப் பக்கம் போய் மறுபடி பிடிக்க வேண்டும். மறந்தால் காப்பாற்றக் கீழே தடுப்புக் கம்பி உண்டு. ஆனால் மறக்கக் கூடாது என்பதுதான் வேலை. "தினமும் எத்தனை தடவை இதைச் செய்வீர்கள்?" என்று கேட்டேன். "எண்ணினால் கவனம் போய்விடும் சார்" என்றார்.

பிறகு ஜாக்சன் தெரு, அங்கிருந்து ஹைட் தெரு. "வளைவு வருகிறது, கெட்டியாகப் பிடியுங்கள்!" என்று அவர் கத்துவதற்கும் நான் பக்கத்து ஆளின் தோளில் விழுவதற்கும் சரியாக இருந்தது. ஹைட் தெரு உச்சியில் வண்டி நின்றால் வலப்பக்கம் லொம்பார்ட் தெரு கீழே வளைந்து இறங்குகிறது. செங்குத்துச் சரிவில் கார்கள் இறங்க முடியாததால் 1922இல் எட்டு கொண்டை ஊசி வளைவுகளாக மாற்றிய தெரு. எதிரே தண்ணீரின் நடுவில் அல்காட்ராஸ் தீவு. அந்தப் பழைய சிறைச்சாலையைச் சுற்றி மூடுபனி கலைந்துகொண்டிருந்தது. எல்லோரும் காமிராவைத் தூக்கினார்கள். நான் கீழே பார்த்தேன். அந்த 21 சதவீத இறக்கம் அங்கேதான் இருந்தது.

"பிரேக் என்னென்ன இருக்கிறது?" என்று கேட்டேன். சக்கரத்துக்கு ஒரு பிரேக். தண்டவாளத்தை அழுத்த மரக்கட்டைகள். ஆமாம், மரக்கட்டைகள்தான். தேர் ஓடும்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறோமே, அதே தத்துவம். கட்டைகள் தேய்வதால் சில நாட்களுக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறார்கள். இரண்டும் கைவிட்டால் சிவப்பு லீவர். அதை இழுத்தால் இரும்பு ஆப்பு ஒன்று அந்தப் பிளவுக்குள் இறங்கி இறுகிவிடும். சில சமயம் அதைக் கேஸ் கட்டிங் செய்துதான் எடுக்க வேண்டியிருக்குமாம்.

ஹைட் தெரு முனையில் கடற்கரையில் இறங்கினால் அங்கேயும் ஒரு திருப்புமேடை. அதற்கு ஃப்ரீடல் கிளஸ்மன் என்ற அம்மையாரின் பெயர். அவர் யார் என்று சொல்லாமல் போனால் இந்தக் கதையில் பாதி போய்விடும்.

1906இல் பெரிய நிலநடுக்கமும் தீயும் அந்த ஊரை அழித்தன. அதற்குள் மின்சார டிராம் வந்துவிட்டது. அழிந்த வடத் தடங்கள் பலவற்றை அதன்பிறகு யாரும் திரும்பக் கட்டவில்லை. மிச்சமிருந்ததையும் எடுத்துவிட்டு பஸ் விடலாம் என்று 1947இல் மேயர் ரோஜர் லாப்பம் சொன்னார். கணக்குப் பார்த்தால் அவர் சொன்னது தப்பில்லை, நஷ்டம்தான். கிளஸ்மன் அம்மையார் ஊரிலுள்ள மாதர் சங்கங்களையெல்லாம் கூட்டி ஒரு குழு அமைத்தார். விஷயம் ஊர் ஓட்டெடுப்புக்குப் போனது. அந்த நவம்பரில் மூன்றுக்கு ஒன்றுக்கும் மேலான வித்தியாசத்தில் வண்டி வேண்டும் என்று மக்கள் தீர்ப்பளித்தார்கள். 1964இல் தேசிய வரலாற்றுச் சின்னமாகவும் அறிவித்தார்கள்.

நம் சென்னைக்கு 1895லேயே மின்சார டிராம் வந்தது. 1953இல் நின்றுபோனது. எந்த மேயரையும் எந்த அம்மையாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அதில் ஏறிய தாத்தாக்கள் கதை சொல்லிக் கேட்டதோடு சரி, அவ்வளவுதான்.

கடற்கரையிலிருந்து அடுத்த வண்டி பிடித்தேன். இது எஃப் தடம், மின்சார டிராம். 1995இல் நிரந்தரமாகத் தொடங்கி, 2000இல் இந்தக் கடற்கரை வரை நீட்டினார்கள். பெரும்பாலும் 1940களின் பிற்பகுதியில் கட்டிய அமெரிக்க வண்டிகள். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் ஊர் டிராமின் வர்ணம் அடித்திருக்கிறார்கள். இவை தவிர இத்தாலியின் மிலான் நகரத்து 1928ஆம் ஆண்டு வண்டிகளும் உண்டு. இங்கிலாந்தின் பிளாக்பூலிலிருந்து வந்த, கூரையே இல்லாத படகு மாதிரியான 1934ஆம் ஆண்டு வண்டிகூட அவர்களிடம் இருக்கிறது. எனக்கு வாய்த்தது மிலான் வண்டி. நீள மர பெஞ்சு, உச்சியில் பழைய மோஸ்தர் விளக்கு. உட்கார்ந்ததும் பிரேக்குக்குக் காற்று அடைக்கும் கம்ப்ரசர் தடதடவென்று ஓடியது. பக்கத்தில் இருந்த குழந்தை பயந்துபோனது. எனக்கோ நம் ஹாஸ்டல் மோட்டார் ரூம் ஞாபகம்.

வழியில் 39ஆம் எண் துறையில் கடல் சிங்கங்கள் மரத் தெப்பங்களின்மேல் படுத்துக்கொண்டு சத்தம் போடுகின்றன. அதைத் தாண்டிப் போனால் 1898இல் கட்டிய ஃபெர்ரி பில்டிங். 1906 நிலநடுக்கத்தில் தப்பிய மணிக்கூண்டு. அதற்கு முன்னால் ஒரு காலத்தில் இரண்டடுக்கு மேம்பாலச் சாலை கடலை மறைத்துக்கொண்டு நின்றது. 1989 அக்டோபர் நிலநடுக்கத்தில் அது சேதமடைய, 1991இல் இடித்துவிட்டார்கள். இன்றைக்கு அந்த இடத்தில் பழைய டிராம் ஓடுகிறது, கடலும் தெரிகிறது. புதியது போய்ப் பழையது வந்த அதிசயம் வேறு எங்கேயாவது உண்டா என்று யோசித்துப் பார்த்தேன்.

இந்த டிராம்களைப் பராமரிக்க ஊர் நிர்வாகத்துக்குக் கைகொடுக்க லாப நோக்கமில்லாத ஒரு அமைப்பு இருக்கிறது. மார்க்கெட் ஸ்ட்ரீட் ரயில்வே என்று பெயர். பழைய கம்பெனி ஒன்றின் பெயரை வைத்துக்கொண்டிருக்கும் தொண்டர் சங்கம். ஃபெர்ரி பில்டிங்குக்குப் பக்கத்தில் சிறிய மியூசியமும் வைத்திருக்கிறார்கள். சங்கம் என்றால் வருஷத்துக்கு ஒருமுறை கூடிச் சாப்பிட்டுவிட்டுக் கலைவது என்று நினைத்திருந்த எனக்கு அது கொஞ்சம் உறைத்தது.

அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் கலிபோர்னியா தடம் தொடங்குகிறது. 1878இல் லேலண்ட் ஸ்டான்ஃபோர்ட் தொடங்கியது, பல்கலைக்கழகத்தை நிறுவிய அதே ஸ்டான்ஃபோர்ட்தான். இந்த வண்டிகளுக்கு இரண்டு பக்கமும் முகம் உண்டு, திருப்புமேடை வேண்டாம். முக்கியமாக வரிசை குறைவு. இதைக் காலையிலேயே யாராவது சொல்லியிருந்தால் ஒரு மணி நேரம் மிச்சமாகியிருக்கும். நீங்கள் போனால் இதில் முதலில் ஏறுங்கள். வங்கிக் கட்டடங்களுக்கு நடுவே புறப்பட்டு, சைனா டவுனில் 1854இல் கட்டிய பழைய செயின்ட் மேரீஸ் தேவாலயத்தைத் தாண்டி, நாப் ஹில் உச்சிக்கு ஒரே மூச்சில் ஏறுகிறது. ஏறும்போது திரும்பிப் பாருங்கள். தெருவின் அடியில் கடல் ஒரு கர்ச்சீப் அளவுக்குத் தெரியும்.

பவல் தெரு சந்திப்பில் இறங்கி, மூன்று தெரு வடக்கே நடந்து ஒரு தெரு மேற்கே திரும்பினால் வாஷிங்டன் தெரு, மேசன் தெரு முனை. அங்கே சிவப்புச் செங்கல் கட்டடம் ஒன்று. வண்டிகளின் கொட்டகை, வடத்தின் இயந்திர சாலை, மியூசியம் மூன்றும் ஒரே கூரையின் கீழ். நுழைவு இலவசம். 1873இல் கிளே தெருவில் ஓடிய ஒரு வண்டியை அங்கே வைத்திருக்கிறார்கள். ஊர் சுற்ற வந்தவர்கள் அதோடு படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். உண்மையான காட்சி மாடத்திலிருந்து கீழே பார்த்தால்தான்.

ஆளைவிடப் பெரிய கப்பிகள் சுழல்கின்றன. நான்கு வடங்கள், நான்கு மோட்டார்கள், ஒவ்வொன்றும் 510 குதிரைசக்தி. ஆரம்பத்தில் நீராவி இன்ஜின் இருந்ததாம். ஊர் முழுவதும் தெருவுக்கு அடியில் ஓடும் வடமெல்லாம் இந்த அறைக்குள் வந்துதான் திரும்பிப் போகிறது. ஒன்றேகால் அங்குல வடம், ஆறு புரி, புரிக்குப் பத்தொன்பது கம்பி, நடுவில் கற்றாழை நார்க் கயிறு. ஒரு வடத்தின் ஆயுள் மாதக்கணக்கில்தான். இரவு வண்டிகள் நின்றபிறகு வடத்தைப் பார்வையிடுவார்கள், பழுது பார்ப்பார்கள், புதிய வடத்தின் இரண்டு முனைகளையும் புரி பிரித்து ஒன்றோடொன்று கையால் முறுக்கிச் சேர்ப்பார்கள். ஒரு புரி அறுந்து தூக்கிக்கொண்டு நின்றால் அது குறட்டில் சிக்கி, கிரிப்மேன் விட நினைத்தாலும் வடம் வண்டியை விடாது. அதற்காகவே புரி அறுந்தால் அடிக்கும் அலாரம் வைத்திருக்கிறார்கள்.

கீழே ஒருவர் ஓடும் வடத்துக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். சுற்றுலாக்காரர்கள் அவரைக் கவனிக்கவில்லை. எனக்கு மட்டும் காலை எடுத்து வைக்க முடியவில்லை. காரணத்தை இன்றைக்கு, என்னைப் படிக்க வைத்த இடத்தில், சொல்லிவிடுகிறேன்.

2016ஆம் ஆண்டு. ஒரு தொழிற்சாலை, பெயர் வேண்டாம். இரவு ஷிஃப்ட் முடியும் நேரம். கிரேனின் தினசரி சோதனைப் பட்டியலில் 'வட முனை: சரி' என்று ஒரு கட்டம். மேலே ஏறிப் பார்த்துத்தான் டிக் போட வேண்டும். தூக்கம், அலுப்பு. நேற்றும் சரியாகத்தானே இருந்தது என்று கீழே நின்றபடியே டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். காலை ஷிஃப்டுக்கு வந்த வயதான ஃபிட்டர் வழக்கம்போல மேலே ஏறினார். இறங்கி வந்து என் கையில் ஒரு கம்பித் துண்டை வைத்தார். முனையைக் கட்டியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரே புரியில் ஏழெட்டுக் கம்பிகள் அறுந்திருந்தன. அன்றைக்குக் காலை அந்தக் கிரேன் தூக்க வேண்டியது பதினொரு டன். கீழே பன்னிரண்டு பேர் வேலை செய்வார்கள். அவர் என்னை யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. "தம்பி, பேனாவுக்குக் கண் கிடையாது. நீங்கதான் பாக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் நடந்திருக்கலாம். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் சாஃப்ட்வேருக்குப் போய்விடலாம் என்று நான் படித்துக்கொண்டிருந்ததற்குச் சம்பளம் மட்டும் காரணமில்லை, பயமும்தான்.

2025 செப்டம்பர் 3ஆம் தேதி லிஸ்பனில் நடந்தது பலருக்கு ஞாபகமிருக்கும். அதுவும் மலையும் நீரும் சேர்ந்த ஊர். அங்கே 1885 முதல் இருந்த க்ளோரியா என்ற இழுவை வண்டி, ஒரு வடத்தில் இரண்டு வண்டிகள். தேசியச் சின்னம். ஊர் சுற்ற வருகிற எல்லோரும் ஏறுவது. அன்றைக்கு மாலை வடம் வண்டியோடு பிணைந்த இடத்தில் விடுபட்டது. மேல்வண்டி பிரேக்குக்கு அடங்காமல் இறங்கிக் கட்டடத்தில் மோதியது. 16 பேர் இறந்தார்கள். விசாரணையின் ஆரம்ப அறிக்கைகளில் இரண்டு விஷயங்களைச் சொன்னார்கள். அன்று காலையும் வழக்கமான சோதனை நடந்திருக்கிறது. ஆனால் வடம் விடுபட்ட இடம் கழற்றிப் பார்த்தாலொழியக் கண்ணுக்குத் தெரியாது. இன்னொன்று, போட்டிருந்த வடம் அந்த வண்டிக்குக் குறிப்பிட்ட வகையாக இல்லை. செய்தியைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் கம்பித் துண்டு இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது.

சான் பிரான்சிஸ்கோக்காரர்களும் இதைச் சும்மா கற்றுக்கொள்ளவில்லை. 1947இல் ஓட்டுப் போட்டு வண்டியைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் ஓட்டு தண்டவாளத்துக்கு எண்ணெய் போடுமா? தேய்மானம் தேய்மானம்தான். 1979இல் சில மாதம் நிறுத்திப் பழுது பார்க்க வேண்டியதாயிற்று, அதுவும் போதவில்லை. 1982 செப்டம்பரில் எல்லாத் தடங்களையும் நிறுத்தி, தெருவைத் தோண்டி, தண்டவாளம், வடப் பாதை, இயந்திர சாலை எல்லாவற்றையும் புதிதாகக் கட்டினார்கள். சுமார் 6 கோடி டாலர் செலவு. அரசாங்கம் பெரும்பகுதி கொடுக்க, ஊர்க்காரர்களும் நன்கொடை திரட்டினார்கள். 1984 ஜூனில் மறுபடி ஓட்டம். கொரோனாவில் 2020 மார்ச்சில் நின்று, 2021இல் திரும்ப வந்தது. நான் போன 2023இல் அதற்கு 150 வயது.

கொட்டகையிலிருந்து வெளியே வந்தேன். தெருவில் வண்டி எதுவும் இல்லை. ஆனாலும் அந்தப் பிளவிலிருந்து ஒரு 'கிர்ர்' சத்தம் வந்துகொண்டே இருந்தது. யாருக்காவது தேவைப்படும் என்று வடம் அடியில் ஓடிக்கொண்டிருந்தது. அங்கேயே நின்று, சாஃப்ட்வேர் யோசனையை விட்டுவிட்டேன். இதே வேலையில் இருப்பேன், ஆனால் மேலே ஏறிப் பார்க்காமல் இனி டிக் போட மாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றுவரை காப்பாற்றி வருகிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்று மதியம் பொதுக்குழுவில் நம் மெஷின் ஷாப் விஷயம் வருகிறது. அந்தப் பழைய பெல்ட் லேத்துகள், கூரையில் ஓடும் நீள ஷாஃப்ட், எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடித்து, கண்ணாடி போட்டு, பெயர்ப்பலகை வைத்து நினைவுச் சின்னமாக்கலாம் என்று தீர்மானம். நல்ல எண்ணம்தான், நானும் நன்கொடை தருகிறேன். ஆனால் கண்ணாடிக்குள் போன மெஷின் அடுத்த மாதமே துருப்பிடிக்க ஆரம்பிக்கும். அதே பணத்தில் பெல்ட், எண்ணெய், பேரிங், அதற்குச் சுற்றிலும் பாதுகாப்பு வேலி, வருஷத்துக்கு ஒரு முழுச் சோதனை என்று ஒரு நிதி வையுங்கள். பராமரிப்புக்கு இப்போதைய மாணவர்கள் முறை போட்டுக்கொள்ளட்டும். வருஷத்தில் ஒரு நாள், இந்தச் சந்திப்பன்று, நம் இன்ஸ்ட்ரக்டர் ஐயா கையால் அது ஓடட்டும். வேலி நன்றாக இருக்கிறதா, பெல்ட் தாங்குமா என்று சோதிக்கும் முதல் வருஷப் பட்டியலில் கையெழுத்துப் போட நான் வருகிறேன். மேலே ஏறிப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன்.

பந்தி தயாராகிவிட்டதாகக் கடைசி வரிசையிலிருந்து ஜாடை காட்டுகிறார்கள்.